கடாரத்துக்குப் போன கலங்கள்

கலசப்பாக்கத்தில் நின்றுகொண்டு கப்பலைப் பற்றிப் பேசினால் ஊரார் சிரிப்பார்கள். சேயாற்றங்கரையில், பர்வத மலையைப் பார்த்தபடி இருக்கிற ஊர் அது. ரத சப்தமியன்று அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது அந்த ஆற்று மணலில் எள் போட்டால் எள் விழாது. மற்ற நாட்களில் ஆற்றில் பெரும்பாலும் மணல்தான். சற்று வடக்கே போனால் ஆரணி. பட்டுத் தறியின் சத்தம் கேட்கும். அலையின் சத்தம் கேட்காது. கடல் கூப்பிடு தூரத்திலா இருக்கிறது? நூறு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போக வேண்டும்.

ஆனாலும் ஊரின் பெயரைச் சற்றுக் கவனியுங்கள். 'பாக்கம்' என்பது நெய்தல் நிலத்து ஊருக்கு, அதாவது கடற்கரை ஊருக்கு உரிய பெயர் என்று பழைய நிகண்டுகள் சொல்கின்றன. பட்டினம் என்றால் துறைமுக நகரம். பாக்கம் என்றால் கடலோரக் குடியிருப்பு. பிற்காலத்தில் தொண்டை நாடு முழுவதும், உப்பங்காற்றே படாத ஊர்களுக்குக்கூட இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆதியில் அப்படி இல்லை. சோழர்களின் காவிரிப்பூம்பட்டினமே இரண்டு பாக்கங்களாகத்தான் இருந்தது. கடலை ஒட்டி மருவூர்ப்பாக்கம். உள்ளே தள்ளிப் பட்டினப்பாக்கம்.

மருவூர்ப்பாக்கத்தில் யார் யார் குடியிருந்தார்கள் என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் பெரிய ஜாபிதாவே கொடுத்திருக்கிறார். யவனர்கள் இருந்தார்கள். பல தேசத்துக் கப்பல்காரர்கள் தங்களுக்குள் சிநேகமாய்க் கலந்து வாழ்ந்தார்கள். வாசனைப் பொருள் விற்பவர், மீன் விற்பவர், பொற்கொல்லர் எல்லாரும் இருந்தார்கள். அவர்கள் நடுவே பட்டு நூலிலும் மயிரிலும் பருத்தி நூலிலும் நெய்கிற காருகர்களும் இருந்தார்கள். தறியும் கப்பலும் அடுத்தடுத்த வீதியில்! இன்று ஆரணிப் பக்கத்தில் தறி இருக்கிறது. கப்பல் எங்கே போயிற்று? அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன். ஆனால் அதற்கு முன் கொஞ்சம் மேற்கே போய்வர வேண்டும்.

சாயம் விற்றவர்கள்

துணியையும் கப்பலையும் சேர்த்து வைத்து உலகத்தையே வளைத்துப் போட்டவர்கள் பினீஷியர்கள். இன்றைய லெபனான் தேசத்துக் கடற்கரையில் டயர், சைடன், பிப்லோஸ் என்று அவர்களுக்குச் சில துறைமுக நகரங்கள் இருந்தன. உழுது பிழைக்கப் போதுமான நிலம் கிடையாது. மலையிலே தேவதாரு மரம் இருந்தது, கப்பல் கட்டினார்கள். கடலிலே ஒருவகைச் சங்குப்பூச்சி இருந்தது. அதிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார்கள். அந்தச் சாயத்துக்கு ராஜாக்கள் தவம் கிடந்தார்கள்.

நம் ஊர்ச் சாயப் பட்டறைக்காரர்கள் இதைக் கேட்டால் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். 1909-ஆம் ஆண்டில் பால் ஃப்ரீட்லாண்டர் என்ற ரசாயன விஞ்ஞானி அந்தச் சங்குப்பூச்சிகளில் பன்னீராயிரத்தை எடுத்துச் சாயம் வடித்துப் பார்த்தார். கிடைத்தது 1.4 கிராம்! ஒரு புடவை நனைய எத்தனை லட்சம் பூச்சி வேண்டுமோ, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நம்மவர்கள் மரத்தில் கூடு கட்டும் அரக்குப் பூச்சியிலிருந்து செக்கச் சிவந்த சாயம் எடுத்துக் காரியத்தைச் சுலபமாக முடித்துக்கொண்டார்கள். அரக்குப் புடவை என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பெயர் இப்படி வந்ததுதான்.

சாயத்தோடு பினீஷியர் எழுத்தையும் ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். இருபத்திரண்டே எழுத்து. கணக்கு எழுதுவதற்கு அது போதும். கிரேக்கர்கள் அதைக் கடன் வாங்கித்தான் எழுதப் படிக்கக் கற்றார்கள். நம் நாட்டுப் பிராமி எழுத்துக்கும் அந்த வழியில் ஓர் உறவு உண்டு என்பது பல அறிஞர்களின் கொள்கை. இல்லவே இல்லை என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

டயர் நகரத்தார் ஆப்பிரிக்காவின் வட கரையில், இன்றைய டுனீஷியாவில், ஒரு குடியேற்றம் அமைத்தார்கள். கி.மு. 814 என்று மரபாகச் சொல்வார்கள். அதுதான் கார்த்தேஜ். தாய் நகரமான டயரை கி.மு. 332-இல் அலெக்ஸாண்டர் ஏழு மாதம் முற்றுகையிட்டுப் பிடித்தான். ஆனால் மகள் நகரம் அதற்குள் தாயை மிஞ்சி வளர்ந்துவிட்டது. கார்த்தேஜின் போர்க் கப்பல் துறை வட்ட வடிவமாக இருந்ததாம். 220 கப்பல்களைக் கொட்டடியில் மாடு கட்டுவதுபோல் வரிசையாக நிறுத்தலாமாம்.

இந்தச் செழிப்பை ரோமாபுரி பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? கி.மு. 264 முதல் மூன்று யுத்தங்கள் நடந்தன. இரண்டாவது யுத்தத்தில்தான் ஹானிபால் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டினான். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கதை அது. அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மறக்க முடியாதது மூன்றாவது யுத்தத்தின் ஆரம்பம்.

கி.மு. 149-இல் ரோமர்கள் முதலில் பிணையாளிகளைக் கேட்டார்கள், கார்த்தேஜ் கொடுத்தது. ஆயுதங்களைக் கேட்டார்கள், அவற்றையும் கொண்டுவந்து குவித்தது. அப்புறம்தான் ரோமர்கள் உள்ளே வைத்திருந்த கடைசி நிபந்தனையை வெளியே விட்டார்கள்: ஊரைக் காலி செய்துவிடுங்கள், வேறு எங்கே வேண்டுமானாலும் குடியேறுங்கள், ஆனால் கடலிலிருந்து பத்து மைலாவது உள்ளே தள்ளிப் போய்விட வேண்டும்.

கடலை விட்டுப் பத்து மைல்! அவ்வளவுதான் கேட்டார்கள். உயிரைக் கேட்டிருந்தால்கூட அந்த ஜனங்களுக்கு அத்தனை கோபம் வந்திராது. ஆயுதம் இல்லாத நகரம் கதவைச் சாத்திக்கொண்டு இரவு பகலாக வாளும் வேலும் அடித்தது. கல் எறியும் யந்திரங்களுக்குக் கயிறு போதவில்லை. பெண்கள் தங்கள் கூந்தலை அறுத்துக் கொடுத்தார்கள். மூன்று வருஷம் தாக்குப் பிடித்தார்கள். கி.மு. 146-இல் நகரம் விழுந்தது, நாட்கணக்கில் எரிந்தது. மிஞ்சியவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அந்த மண்ணில் உப்பைத் தூவி உழுதார்கள் என்று சொல்வது மட்டும் பிற்காலத்தார் கட்டிய கதை. உப்பைத் தூவாமலே கார்த்தேஜ் முடிந்துபோயிற்று.

தெள்ளாறும் தக்கோலமும்

இனி நம் கடலுக்குத் திரும்புவோம்.

காவிரிப்பூம்பட்டினத்தின் பெருமை கவிஞர்களின் கற்பனை என்று நினைத்தவர்கள் உண்டு. 1960-களில் தொல்பொருள் துறையினர் அங்கே கீழையூரில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத் துறை ஒன்று வெளிப்பட்டது. படகு கட்டுகிற மரத்தூண்கள்கூட நட்டபடி இருந்தன! அந்த மரத்தைச் சோதித்ததில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டிய காலம் தெரியவந்தது. கார்த்தேஜும் ரோமும் சண்டைக்கு நின்ற அதே காலம். பிறகு அந்தப் பட்டினத்தைக் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்கிறது. இந்திர விழா எடுக்க மறந்ததுதான் காரணமாம்.

பட்டினம் போனாலும் கப்பல் நிற்கவில்லை. இங்கேதான் நம் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு ஒரு பங்கு வருகிறது. வந்தவாசிக்குப் பக்கத்தில் தெள்ளாறு இருக்கிறதே, அங்கே ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியனை முறியடித்தவன் மூன்றாம் நந்திவர்ம பல்லவன். 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்று பெயர் பெற்றான். அவனுக்கு 'அவனிநாரணன்' என்றும் ஒரு பட்டம் உண்டு. கடலுக்கு அப்பால், தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்ற இடத்தில், ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அங்கே வெட்டப்பட்ட ஒரு குளத்தைப் பற்றி அது பேசுகிறது. குளத்தின் பெயர் என்ன தெரியுமா? அவனிநாரணம்! அதைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தார் என்ற வணிகர் கூட்டத்துக்கு விடப்பட்டது. பரதேசத்தில் குளம் வெட்டிக் குடியிருக்கிறவன் ஒரு நாள் வியாபாரத்துக்குப் போனவனாக இருக்க முடியாது.

சோழர்கள் இந்த வணிகர்கள் போட்ட பாதையில்தான் போனார்கள். 985-இல் பட்டத்துக்கு வந்த ராஜராஜன் ஈழத்தின் வட பகுதியைப் பிடித்தான். ஆட்சியின் கடைசிக் காலத்தில் மாலத்தீவுகளையும் பிடித்தான். சுமத்ராவிலும் மலேயாவிலும் ஓங்கியிருந்த ஸ்ரீவிஜய ராஜ்யத்தோடு அவனுக்கு நல்ல சிநேகம் இருந்தது. அந்நாட்டு மன்னன் மாரவிஜயோத்துங்கவர்மன் தன் தகப்பனார் சூடாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்ப, சிவபக்தனான ராஜராஜன் அதற்கு 1006-இல் ஆனைமங்கலம் என்ற கிராமத்தையே விட்டுக்கொடுத்தான். இருபத்தொரு செப்பேடுகளில் எழுதப்பட்ட சாசனம் அது. டச்சுக்காரர் காலத்தில் ஹாலந்துக்குப் போய், லைடன் நகரத்தில் இருந்ததால் 'லைடன் செப்பேடுகள்' என்று பெயர் பெற்றது.

சீனத்துக்கும் தூது போயிற்று. முத்தும் பிற காணிக்கைகளும் எடுத்துக்கொண்டு புறப்பட்ட சோழ தூதர்கள் 1015-இல் சீனச் சக்கரவர்த்தியின் சபையை அடைந்தார்கள். வழியிலேயே மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மேல்காற்றைப் பிடித்துக் கிழக்கே போனால், வாடை எழுந்த பிறகுதான் திரும்பலாம். காற்று மாறும்வரை நடுவழித் துறைமுகங்களில் காத்துக்கிடக்க வேண்டும். அந்த நடுவழித் துறைமுகங்கள் எல்லாம் யார் கையில்? ஸ்ரீவிஜயத்தின் கையில். சிநேகம் கசந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

1025-இல் ராஜேந்திரனின் படை கடல் தாண்டியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவன் வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடைசியாகக் கடாரம். மாநக்கவாரம் இன்றைய நிகோபார். கடாரம் மலேசியாவின் கெடா. தக்கோலம் என்றவுடன் நம் அரக்கோணத்துக்குப் பக்கத்து ஊரை நினைத்துவிடாதீர்கள். இது மலேயாக் கரையோரம் இருந்த தக்கோலம். ஆனாலும் விந்தையைப் பாருங்கள். 949-இல் நம் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே மாண்டான். சோழ குலமே தலைகுனிந்தது. எழுபத்தாறு வருஷம் கழித்து அதே குலம் கடலுக்கு அப்பால் இன்னொரு தக்கோலத்தை வென்றது!

கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் சிறைப்பட்டான். அவனுடைய யானைகளும் பொக்கிஷமும் வித்யாதர தோரணம் என்ற வாயிலும் சோழர் வசமாயின. அப்புறம்? அப்புறம் ராஜேந்திரன் அங்கே உட்கார்ந்துகொள்ளவில்லை, படை திரும்பிவிட்டது. வழியைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைத்தான் போலும்.

கப்பல் யாருடையது?

ஒரு சமாசாரம் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். சோழர் போர்க்கப்பல் என்று காட்டுவதற்கு ஒரு மரத்துண்டுகூட இதுவரை கிடைத்ததில்லை. சினிமாவிலும் தொடர்கதைப் படங்களிலும் நாம் பார்ப்பதெல்லாம் ஓவியர்களின் கைவண்ணம். படை ஏறிப் போன கலங்களில் பெரும்பாலானவை வணிகர்களின் சரக்குக் கலங்களே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். இதில் குறைவு என்ன இருக்கிறது? குளம் வெட்டிக் குடியிருந்தவனுக்குத் தெரியாத காற்றும் துறையுமா சேனாபதிக்குத் தெரிந்திருக்கும்?

வணிகர்கள் சாமான்யப்பட்டவர்கள் அல்ல. 'திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்' என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்ற ஊர் பச்சைக் கர்ப்பூரத்துக்குப் பேர்போனது. அங்கே 1088-இல் அவர்கள் நட்ட தமிழ்க் கல்வெட்டு உடைந்த நிலையில் கிடைத்தது. துறைக்கு வரும் கப்பல் தலைவனும் ஆட்களும் கஸ்தூரி விலையைக் கணக்கிட்டு அதற்கேற்பப் பொன் கட்ட வேண்டும். கட்டின பிறகே விரித்திருக்கும் பாவாடைமேல் கால் வைத்து ஏறலாம் என்று அது விதிக்கிறது. பாவாடை என்றால் நடைவிரிப்புத் துணி. அன்னிய தேசத்தில், தமிழில் எழுதி, கட்டணம் வாங்கி, துணி விரித்து வரவேற்றிருக்கிறார்கள்! அந்தத் துணி எந்த ஊர்த் தறியில் நெய்ததோ?

அந்தக் காலத்துச் சோழ மன்னன் முதல் குலோத்துங்கன். சுங்கத்தை நீக்கியதால் 'சுங்கம் தவிர்த்த சோழன்' ஆனவன். 1090-இல் நாகப்பட்டினத்து விகாரத்தின் நிலங்களுக்கு வரிச் சலுகையும் கொடுத்தான். கடாரத்தோடு சண்டை மறந்து மறுபடி சிநேகம் துளிர்த்திருந்தது. ஆனால் 1070-ஐ ஒட்டியே ஈழம் விஜயபாகுவிடம் போய்விட்டது. அதை மீட்கச் சோழ நாட்டிலிருந்து பெரிய கப்பல் படை எதுவும் புறப்படவில்லை.

பிறகு நடந்ததில் ஒரு கடற்போர்கூட இல்லை. நம் கதை கார்த்தேஜின் கதையிலிருந்து பிரிவது இங்கேதான். சோழர் கலங்களை எந்த எதிரியும் கடலில் மூழ்கடிக்கவில்லை. கடலை விட்டு உள்ளே போ என்று யாரும் கட்டளையிடவும் இல்லை. அரசர்களின் கவனம் தானாகவே உள்ளே போயிற்று. பாண்டியன் தலையெடுத்தான். சிற்றரசர்கள் வரி கட்டுவதை மறந்தார்கள். 1231-இல் கோப்பெருஞ்சிங்கன் என்ற காடவர் தலைவன் மூன்றாம் ராஜராஜனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்து வைத்தான். கடாரத்து ராஜாவைச் சிறைபிடித்தவனின் சிம்மாசனத்தில் இருந்தவன் சொந்த நாட்டிலேயே சிறை! அவனை மீட்க ஹொய்சள நாட்டிலிருந்து படை வர வேண்டியிருந்தது. 1279-ஓடு சோழர் பரம்பரை முடிந்தது. கலசப்பாக்கத்துக்கு வெகு தூரமில்லாத படைவீட்டில் சம்புவராயர்கள் தனியரசு நடத்தினார்கள். சோழருக்கு அடங்கியிருந்த குடும்பம்தான் அது. மலை சூழ்ந்த படைவீட்டிலிருந்து பார்த்தால் கடல் எங்கே தெரியப் போகிறது?

அரசர்கள் போனதை வணிகர்கள் சட்டென்று உணர்ந்ததாகத் தெரியவில்லை. சோழர் முடிந்து இரண்டே வருஷம். 1281-இல், சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில், குப்லாய் கானின் நலத்துக்காக ஒரு தமிழர் சிவபெருமானை எழுந்தருளச் செய்தார். அந்தக் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. அடியில் சீன எழுத்து. ஆனால் அதற்குள் சீனக் கப்பல்களே இந்தியக் கரைக்கு வரத் தொடங்கிவிட்டன. அரபு வணிகர்களும் பெருகினார்கள். காயல்பட்டினத்திலும் நாகூரிலும் மரைக்காயர்கள் நெடுங்காலம் கப்பல் விட்டார்கள். அவர்களைத் தாங்கிப் பிடிக்கத்தான் நாகப்பட்டினத்துக்கு ஒரு ராஜேந்திரன் இல்லை.

பிறகு வந்தவர்கள் துணிக்காகவே வந்தார்கள். போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் 1658-இல் நாகப்பட்டினத்தைப் பறித்தார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் 1781-இல் பறித்தார்கள். கலசப்பாக்கத்தைத் தொட்டுப் போகும் சேயாறு பாலாற்றில் கலந்து கடலில் விழுகிறது. அந்த முகத்துவாரத்துக்கு அருகில் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை கட்டி, நம் நெசவாளர் துணியை மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றினார்கள். நெசவாளிக்கு முன்பணம் கொடுத்தார்கள். முன்பணம் வாங்கினவன் விலை பேச முடியுமா? துணி அதே தொண்டை நாட்டுத் துணி. கடலும் அதே கடல். விலை சொல்கிறவன் மட்டும் கப்பல்காரனாகிவிட்டான். பாரூஸில் பாவாடை விரித்துப் பொன் வாங்கின காலத்தை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

நாகப்பட்டினத்தில் ஒரு பழைய செங்கல் கோபுரம் மட்டும் வெகு காலம் நின்றது. ஐரோப்பிய மாலுமிகள் அதைச் 'சீனக் கோபுரம்' என்றார்கள். ராஜராஜன் காலத்து விகாரத்தின் மிச்சம் என்று சிலரும், சீனர்கள் பின்னாளில் கட்டியது என்று சிலரும் சொல்வார்கள். 1846-இல் சர் வால்டர் எலியட் போய்ப் பார்த்தபோது மூன்று நிலைகளோடு, உச்சி திறந்து, செடி முளைத்துக் கிடந்தது. ஆனாலும் கரையை நெருங்கும் கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். பக்கத்தில் இருந்த பாதிரிமார்கள் அதை அகற்ற அனுமதி கேட்டார்கள். முதலில் சர்க்கார் மறுத்தது, பிறகு இணங்கியது. 1867-இல் அதை இடித்துத் தள்ளினார்கள். அதற்குப் பிறகு நாகைத் துறைக்கு வந்த மாலுமிகள் வேறு அடையாளம் பார்த்துக்கொண்டார்கள்.